தொழிற்களத்தில் எண்ணும் எழுத்தும்

அச்சுவேலிச் சந்தைக்கு விடியற்காலையிற் சென்று சற்று ஒதுங்கி நிற்பவர், அங்கே வாய்வழியாக நடைபெறும் கணக்கைக் கேட்டு வியவாதிருத்தல் அரிது. இருபத்தேழரைக் கிலோ வெங்காயம். கிலோ 240 ரூபா. நூற்றுக்குப் பத்துக் கழிவு. தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. சுமையை இறக்கிவைத்த முதியவர் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். 5,940 ரூபா என்று விடை வந்துவிடுகிறது. வியாபாரியின் கையிலுள்ள கணிப்பான் அதே விடையைச் சற்றுப் பிந்திச் சொல்கிறது. ஆயின், அந்தக் கணக்கையே ஒரு துண்டில் எழுதி, மேலே அவருடைய பெயரையும் கீழே கழிவையும் குறித்துக் கொடுத்தால், அவர் அதனை மடித்து மடியிற் செருகிக்கொள்கிறாரேயன்றிப் பார்ப்பதில்லை. பார்த்தும் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். அருகில் நிற்பவருக்குத் தெரியாது.

நேயர்களே, வளர்ந்தோர் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இம்முதியவரின் குறையிலிருந்தே தொடங்குகின்றனர். "எழுத்தறியாதவர்" என்ற ஒரு சொல்லில் அவரை அடக்கிவிட்டு, அரிச்சுவடியைக் கையிற் கொடுத்துப் பாலர் வகுப்பின் முதற் பாடத்திலே உட்காரவைக்கின்றனர். முப்பது ஆண்டுகளாகச் சுவர் கட்டிவரும் ஒரு மேசனுக்கு 'அ' என்றால் அணில் என்று சொல்லிக் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்? அணிலை அவர் அறியாதவரா? அணிலுக்கும் அவருடைய நாட்கூலிக்கும் யாது தொடர்பு? இரண்டாம் நாள் அவர் வராமல் நின்றுவிட்டால், அதற்கு அவருடைய சோம்பலைக் காரணமாகக் காட்டுவது நீதியாகாது. அவரிடம் இல்லாததை விட்டு, ஏலவே உள்ளதிலிருந்து தொடங்கினால் என்ன? அவரிடம் எண் இருக்கிறது. எழுத்துக்குச் செல்லும் வழி அந்த எண்ணின் ஊடாகவே செல்கிறது என்பதும், அவ்வழியை அமைத்தற்கேற்ற இடம் அவர் உழைக்கும் தொழிற்களமே என்பதும் இப்பேச்சின் பொருள்.

இது புதிய கருத்தன்று. வள்ளுவர் கல்வியைக் கண்களுக்கு ஒப்பிட்டபொழுது எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்தார்; ஔவையாரும் அவ்வரிசையை மாற்றவில்லை. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அரிச்சுவடியோடு எண்சுவடியும் மனனம் செய்யப்பட்டது. மா என்பது 20இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. முந்திரி 320இல் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய பின்னங்கள் எதற்காக? நிலத்தை அளக்கவும், நெல்லைப் பங்கிடவும், பொன்னை நிறுக்கவும். அஃதாவது, தொழிலுக்காக. சுவடி மறைந்துவிட்டது; மனக்கணக்கின் பழக்கம் மட்டும் சந்தையிலும் தோட்டத்திலும் எஞ்சி நிற்கிறது.

இலங்கையில் எழுத்தறிவின்மை ஒரு பிரச்சினையா என்று கேட்போரும் உளர். 1945ஆம் ஆண்டிற் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே, 10 வயதும் அதற்கு மேலுமான மக்களுள் 95.7 வீதத்தினர் எழுத்தறிவுடையோர் எனக் கணிக்கப்பட்டது. தென்னாசியாவில் இது பெருமைக்குரிய எண்ணே. ஆயினும் குடிசன மதிப்பீடு பரீட்சையன்று. கணக்கெடுக்கும் உத்தியோகத்தர் வாசலில் நின்று வினவுகிறார். வீட்டிலுள்ள ஒருவர் எல்லோருக்குமாக விடை சொல்கிறார். "அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியுமோ?" "ஓம், தெரியும்." தந்தையின் மானத்தைக் காவாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் உண்டோ? தம் பெயரை மட்டும் எழுதப் பழகியவரும், பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை நாடோறும் படிப்பவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுதல் இவ்வாறுதான்.

வலிகாமத்தைப் பொறுத்தவரையில் இன்னுமொரு காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே வலிகாமம் வடக்கின் மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அந்த நெடும்பயணத்திலே எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளாகத் தாயின் கையைப் பற்றிச் சென்றவர்கள் இன்று நாற்பதை ஒட்டிய வயதினர். மரநிழலிலும் கொட்டிலிலும் பள்ளிகள் நடந்தன என்பது உண்மை. அவற்றை நடத்திய ஆசிரியர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எனினும், திரும்பி வந்தபொழுது புத்தகப் பைக்குப் பதிலாக மண்வெட்டியை எடுத்தவர்களும் உண்டு. இன்றைய தொழிற்களங்களின் முதுகெலும்பாக நிற்போருள் அவர்களும் அடங்குவர்.

தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொல்வது அரிது. அவர் சொல்வது வேறு. "தம்பி, கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். இதிலை என்ன கிடக்குது எண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லும்." கேட்பவரும் வாசித்துச் சொல்கிறார். அந்தக் கண்ணாடி வீட்டிலும் இல்லை என்பதை இருவரும் அறிவர். அறிந்தும் அறியாதவர்போல் நடப்பது ஊரின் பண்பு. இப்பண்பு நல்லதே. ஆயின் வாசித்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லாத நேரமும், வாசித்துச் சொல்பவரே ஏமாற்ற நினைக்கும் நேரமும் உண்டன்றோ?

அச்சுவேலியிலே ஒரு கைத்தொழிற்பேட்டை உண்டு. போருக்கு முன்னர் இயங்கி, போரினால் அழிந்து, இந்திய அரசின் உதவியோடு புதுக்கப்பெற்று 2014ஆம் ஆண்டில் அது மீண்டும் திறக்கப்பட்டது. அங்கேயாயினும் வேறெங்கேயாயினும், தொழிற்சாலை ஒன்றினுள் நுழையும் தொழிலாளி எத்தனை எழுத்துகளைக் கடந்து செல்கிறார் என்று எண்ணிப் பார்க்கலாம். வாசலில் வரவுப் பதிவேடு. இயந்திரத்தின் மேல் எச்சரிக்கை. பொதியின் மேல் நிறையும் தொகுதி இலக்கமும். சுவரிலே தீயணைக்கும் கருவியை இயக்கும் முறை. எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழிற் பத்தாம் வகுப்புவரை படித்தவரும் அதன் முன் எழுத்தறியாதவரே. 1987ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. இயந்திரங்களை இறக்குமதி செய்வோர் அத்திருத்தத்தைப் படிப்பதில்லை போலும்.

இவை யாவற்றினும் முதன்மையான தாள் ஒன்று மாத முடிவிற் கைக்கு வருகிறது. அது சம்பளச் சிட்டை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி நிறுவப்பட்டது. ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். தொழில்கொள்வோர் தம் பங்காக 12 வீதம் சேர்ப்பர். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்துவர்; அது ஊழியரின் சம்பளத்திற் கழிக்கப்படலாகாது. மாதம் 40,000 ரூபா பெறும் ஒருவரைக் கொள்வோம். அவரிடமிருந்து கழிவது 3,200 ரூபா. முதலாளி சேர்ப்பது 4,800 ரூபா. ஆக, சேமலாப நிதிக்கு மாதந்தோறும் 8,000 ரூபா. ஆண்டுக்கு 96,000 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மாதம் 1,200 ரூபா வேறு.

இக்கணக்கு அத்தொழிலாளியால் இயலாததா? சந்தையில் நூற்றுக்குப் பத்துக் கழிவைக் கண்மூடித் திறக்குமுன் கணக்கிடுபவருக்கு நூற்றுக்கு எட்டு ஒரு பொருட்டன்று. அவர் அறியாதது, சிட்டையில் எந்த வரியிலே அந்த 3,200 நிற்கிறது என்பதும், அது கழிக்கப்பட்டபின் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை எந்தத் தாளிலே பார்ப்பது என்பதுமே. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் அப்பணத்தைப் பெறும் உரிமை வருகிறது. கழித்த பணம் செலுத்தப்படவில்லை என்பதை அந்த வயதில்தான் அறிய நேர்ந்தால், இழந்த ஆண்டுகளை எவரிடம் கேட்பது? நாட்கூலிக்கு வேலை செய்வோருக்கும் தற்காலிகமாக வேலை செய்வோருக்கும் சேமலாப நிதி உரியது என்பதைக்கூடப் பலர் அறிவதில்லை. பணிக்கொடையும் அவ்வாறே. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்த மாதச் சம்பள ஊழியர், சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பெற உரியவர். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவருக்கு ஆறு மாதச் சம்பளம். இறுதிச் சம்பளம் 40,000 ஆயின் 240,000 ரூபா. "ஏதோ தந்தார்கள், வாங்கிக்கொண்டேன்" என்று ஒருவர் சொல்வதற்கும், "இவ்வளவு வரவேண்டும்" என்று சொல்வதற்கும் இடையே உள்ளது பெருக்கல் ஒன்றும் வகுத்தல் ஒன்றும்; அவற்றைத் தாளிற் போட்டுக் காட்டும் திறனும்.

தொழிற்சாலையின் மதிலைத் தாண்டினால் செம்மண் தோட்டங்கள். அவையும் தொழிற்களங்களே. வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் இந்நிலத்திலே, கூலிக்கு மருந்து தெளிப்பவரின் முதுகில் 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவி. பத்து லீற்றர் நீருக்கு 20 மில்லிலீற்றர் என்று போத்தலில் அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பதினாறு லீற்றருக்கு 32 மில்லிலீற்றர் வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் மூடியால் அளக்கிறார். இரண்டு மூடி, பூச்சி கடுமையாயின் மூன்று மூடி. மூடியோ போத்தலுக்குப் போத்தல் வேறுபடும். 1980ஆம் ஆண்டின் பீடைநாசினிச் சட்டம் இம்மருந்துகளைப் பதிவு செய்யவும் சிட்டையிட்டு விற்கவும் விதிக்கிறது. எத்தனை நாளுக்குப் பின் அறுவடை செய்யலாம், கண்ணிற் பட்டால் என்ன செய்வது என்பனவெல்லாம் அச்சிட்டையில் தமிழிலும் உள்ளன. சிறிய எழுத்து, அழுக்குப் படிந்த போத்தல், வாசிக்க இயலாத கை. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. தெளிப்பவரின் நுரையீரலுக்கு அது எட்டவில்லை.

உரத்தின் கணக்கு ஊர் முழுவதற்கும் உரியது. இக்குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். அச்சுவேலிக்கு அண்மையிலே புத்தூரில் உள்ள நிலாவரைக் கேணியைப் பார்த்தவருக்கு, நிலத்தடி நீர் எவ்வாறு பாறையின் வெடிப்புகளுள் ஒளிந்திருக்கிறது என்பது விளங்கும். மேலே கொட்டும் யூரியாவில் பயிர் உண்டு எஞ்சியது நைத்திரேற்றாகிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு; வலிகாமத்தின் செறிந்த தோட்டப் பகுதிகளிலுள்ள பல கிணறுகள் அவ்வளவைத் தாண்டியமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. பரப்புக்கு எத்தனை கிலோ என்ற சிறு கணக்கு பிழைத்தால், அந்தப் பிழையைக் குடிப்பது தொட்டிலிற் கிடக்கும் பிள்ளை.

பரப்பு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தோட்டக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்காணியில் 12 பரப்பே ஓர் ஏக்கர். தோட்டக்காணிப் பரப்பொன்று 10 பேர்ச். அதனுள் 18 குழி. உரமூடையை இன்றும் அந்தர் என்றே சொல்கின்றனர். பழைய அந்தர் 112 இறாத்தல், அஃதாவது ஏறத்தாழ 50.8 கிலோ, இன்றைய மூடையோ 50 கிலோ. இவ்வளவுகளையெல்லாம் மனத்திலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லத் துணிபவர், முதலில் தாமே ஏழு பரப்பு நெற்காணியைப் பேர்ச்சாக மாற்றிப் பார்க்கட்டும்.

தொழிலிடத்திலேயே எழுத்துப் பழகுவது இவ்வூருக்குப் புதுமையன்று. பெயரிலேயே அச்சைச் சுமக்கும் அச்சுவேலியில் ச. தம்பிமுத்துப்பிள்ளையின் ஞானப்பிரகாச யந்திரசாலை இருந்தது. நாட்டுக்கூத்து நூல்கள் முதலியன அங்கிருந்து வெளிவந்தன. ஈய எழுத்துகளைக் கொண்டு அச்சுக்கோப்பவர் எழுத்தை இடம்வலம் மாறி வாசிக்கப் பழகவேண்டும், அதனை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை, வேலையே கற்பித்தது. கூட்டுறவு இயக்கமும் அத்தகையதொரு பள்ளியே. யாழ்ப்பாணப் புகையிலையைத் திருவிதாங்கூருக்கு அனுப்பிய மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனவுச் சங்கம் 1934இல் தோன்றியது. சங்கத்தின் உறுப்பினர் கணக்கறிக்கை கேட்கவேண்டும், கையெழுத்திடவேண்டும், வினா எழுப்பவேண்டும். யாழ்ப்பாண நகரில் மண்டபமொன்று தாங்கி நிற்கும் பெயருக்குரிய வீரசிங்கம், ஆசிரியராய் இருந்து கூட்டுறவாளரானவர். இவ்விரு பணிகளும் தூரமானவையல்ல. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 1844இல் கடை திறந்த நெசவாளர் முதலிய தொழிலாளர் பின்னர்த் தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். கல்வி நிதி என்ற தலைப்பு கூட்டுறவுக் கணக்குகளில் அன்று தொட்டு இருந்துவருகிறது. அந்நிதி எதற்குச் செலவாகிறது என்பதை அந்தந்தச் சங்கத்தார் தம் பேரேட்டைத் திறந்து பார்ப்பது நன்று.

உலகம் இதைப் பற்றிச் சிந்தித்த வரலாறும் சுருக்கமாகக் கேட்கத்தக்கது. 1965ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் தெஹ்ரானிலே பல நாட்டுக் கல்வி அமைச்சர்கள் கூடினர். அந்நாளே பின்னர் உலக எழுத்தறிவு நாளாயிற்று. தொழிலோடு இணைந்த எழுத்தறிவு என்ற கொள்கை அங்கே வலியுறுத்தப்பட, யுனெஸ்கோ 1967 முதல் 1973 வரை பதினொரு நாடுகளில் அதனைச் சோதித்துப் பார்த்தது. 1976இல் வந்த மதிப்பீடு தன் குறையை மறைக்கவில்லை: உற்பத்தியைப் பெருக்குவதொன்றையே குறியாகக் கொண்டு மனிதரை மறந்த வகுப்புகள் நிலைக்கவில்லை. இயந்திரத்தின் எச்சரிக்கையை வாசிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டுச் சம்பளச் சிட்டையை மறைத்து வைக்கும் முதலாளிக்கு இம்மதிப்பீடு பயன்படும். பிரேசில் நாட்டின் பாவுலோ பிரேயிரே, தொழிலாளருக்கு எழுத்தைச் செங்கல் முதலிய அவர்களுடைய சொற்களிலிருந்தே தொடங்கிக் கற்பித்தார். மேசனுக்கு அணில் ஏன் வேண்டாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நமக்கு அண்மையிலே, புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்திற் கல்லுடைக்கும் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். அவர்கள் எழுத்தோடு மிதிவண்டியும் பழகினர். குழுக்களாகக் கூடிக் கற்குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்தனர்.

வளம் மிக்க நாடுகளில் இக்குறை இல்லையென்று எண்ணுதல் தவறு. 1999ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் மோசர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. தொலைபேசி வணிகக் கையேட்டின் அகரவரிசையிலே குழாய் திருத்துவோரின் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வளர்ந்தோருள் ஐவரில் ஒருவருக்கு இயலவில்லை என்று அது கூறிற்று. அதன்பின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தொழிற்சங்கங்களின் கற்றற் பிரதிநிதிகளுக்கு வேலைநேரத்திலேயே அப்பணியைச் செய்யும் உரிமையை வழங்கியது. முகாமையாளர் கேட்டால் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லும் தொழிலாளி, பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தோழர் தனியே கேட்டால் உண்மையைச் சொல்வார் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். அச்சுவேலியின் கண்ணாடிக் கதைக்கும் மருந்து இதுவே.

ஆகவே வகுப்பு எவ்வாறு அமையலாம்? மாலையில் அமைத்தலாகாது. எட்டு மணிநேரம் சீமெந்து சுமந்தவர் இரவில் எழுத்தைச் சுமக்கமாட்டார். பெண்களுக்கோ இரண்டாவது வேலைநாள் வீட்டில் தொடங்குகிறது. கற்போரை மாணவர் என்று அழைத்தலும் வேண்டாம். ஐயா, அம்மா, அண்ணை, அக்கா என்று அழைத்தாலே போதும். முதற் கிழமைகளில் எண் மட்டும். தராசு காட்டும் இலக்கம், வேலை செய்த நாள்கள், தத்தம் அடையாள அட்டை இலக்கம். வாயிற் சொன்ன விடையை எழுதிக் காட்டினால், தாம் இத்தனை காலமும் செய்துவந்தது இதுவே என்று அவர்கள் உடனே கண்டுகொள்வர். பின்னர் அவ்வெண்களுக்குப் பக்கத்தில் நிற்கும் சொற்கள். கூலி, கழிவு, நாள், மொத்தம் என்னும் நான்கு சொற்களை எடுத்துப் பாருங்கள். தமிழின் 18 மெய்களுள் க, ல, ழ, வ, ந, ள, ம, த ஆகிய எட்டின் வடிவங்கள் அவற்றுள் வந்துவிடுகின்றன. பிள்ளைகளைத் திணறடிக்கும் ல, ழ, ள மூன்றும் முதல் நாளிலேயே எதிர்ப்படுகின்றன. உயிர்கள் பன்னிரண்டில் ஆறு வந்துவிடுகின்றன. சம்பளச் சிட்டையின் ஏனைய சொற்களையும் சேர்த்தால், அரிச்சுவடியின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கற்போரே கேட்கும் பாடம் ஒன்று உண்டு. அது கடன். ஐம்பதாயிரம் ரூபா நுண்கடன், ஆண்டு வட்டி 20 வீதம், 52 கிழமைகளில் அறுபதாயிரமாகத் திருப்பவேண்டும் என்று ஒருவர் வாசலில் வந்து சொல்கிறார். கிழமைக்கு 1,154 ரூபா. இருபது வீதம் என்பது சரிதானே? சரியன்று. கிழமைதோறும் திருப்பிக் கொடுப்பதால், அரையாண்டு முடியும்போதே ஏறத்தாழப் பாதிக்கடன் தீர்ந்துவிடுகிறது. வட்டியோ ஐம்பதாயிரம் முழுவதும் ஆண்டு முழுவதும் கையிலிருந்ததுபோற் கணக்கிடப்பட்டுள்ளது. குறைந்துவரும் நிலுவையின்மேல் அதனைக் கணக்கிட்டால் 37 வீதமளவில் வரும். 2018ஆம் ஆண்டில் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டதற்கு, வட மாகாணப் பெண்கள் உள்ளிட்ட பலர் இத்தகைய கடன்களில் அமிழ்ந்தமையே காரணம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டும் நாளில் வகுப்புக்கு வராதவர் எவரும் இரார்.

தொழிற்கல்வி நிலையங்கள் வழங்கும் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழுக்கும் இங்கே தொடர்புண்டு. முன்னர்க் கற்ற கைத்திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க அம்முறையில் இடமுண்டு. சிறந்த மேசன் ஒருவர் அதனைப் பெறாதிருப்பதற்குக் கைத்திறன் காரணமன்று. விண்ணப்பப் படிவமே காரணம்.

செலவு என்ன என்று முதலாளிமார் கேட்பர், கேட்பது நியாயமே. மாதம் 40,000 ரூபா பெறுபவர் 25 நாள், நாளுக்கு எட்டு மணிநேரம் வேலை செய்தால், மணிநேரக் கூலி 200 ரூபா. கிழமையில் இரண்டு நாள், அரைமணிநேரம், இருபது பேர். கிழமைக்கு 4,000 ரூபா. இருபத்துநான்கு கிழமைகளுக்கு 96,000 ரூபா. ஒருவருக்கு 4,800 ரூபா. அவருக்காக முதலாளி ஒரு மாதத்திற் செலுத்தவேண்டிய சேமலாப நிதிப் பங்கும் அதுவே. இருபத்துநான்கு மணிநேரத்தில் ஒருவர் பத்திரிகை படிப்பவராகிவிடுவார் என்று சொன்னால் அது பொய். சிட்டையையும் மருந்துப் போத்தலின் இலக்கங்களையும் கடன் தாளின் மொத்தத்தையும் கண்டறிய அது போதும். மேலே படிக்க விரும்புவோருக்குக் கல்வித் திணைக்களத்தின் முறைசாராக் கல்வி வகுப்புகள் உள்ளன.

கற்பிப்பதற்கு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரோ, கூட்டுறவுச் சங்க முகாமையாளர் ஒருவரோ, சாதாரண தரம் சித்தியடைந்த சக தொழிலாளி ஒருவரோ அமையலாம். செவ்வாயும் வியாழனும், காலைத் தேநீரை அடுத்த அரைமணிநேரம். நிறைத்தராசின் அருகே ஒரு கரும்பலகை. பெயரை மறைத்த சம்பளச் சிட்டைகள் இருபது. வெறுமையான மருந்துப் போத்தல் ஒன்று, நன்றாகக் கழுவியது. பாடநூல் பிறகு வரட்டும்.